அரை நெல்லில் ஒரு மரபணுவை இயக்கிப் பார்ப்பது எப்படி

வெதுவெதுப்பான கெட்டிக் கூழில் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு கரண்டி கலந்தால், சற்று நேரத்தில் கூழ் நீர்த்துவிடும். முளைக்காத மாவு அப்படிச் செய்யாது. ஸ்டார்ச்சைச் சிதைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு இரண்டிலும் உண்டு. முளைத்ததில்தான் அது வேலை செய்கிறது. அதை முடுக்கிவிடுவது எது என்று நெல்லில் சோதித்துப் பார்க்கலாம். நான்கு நாள் வேலை.

விதை நெல்தான் வேண்டும். ஆரணி ஆலைகளிலிருந்து வரும் அரிசி உதவாது. புழுங்கலரிசியில் செல்கள் வெந்து செத்திருக்கும். தீட்டிய பச்சரிசியில் தவிடோடு அலூரோன் அடுக்கும் போயிருக்கும். அமைலேஸைச் செய்து வெளியே விடுவது அந்த அடுக்கின் செல்களே. ஆகவே உமியைக் கையால் உரியுங்கள், தவிடு கீறாமல்.

அரிசியின் ஒரு முனையில் ஓரமாகத் தெரியும் வெள்ளைப் புள்ளிதான் முளைக்கரு. அந்த முனையில் மூன்றில் ஒரு பங்கை பிளேடால் குறுக்காக வெட்டி எறியுங்கள். கரு துளி ஒட்டியிருந்தாலும் சோதனை கெடும், ஏனென்றால் ஜிப்ரெல்லின் ஊக்கியை அனுப்புவதே கருதான். மிஞ்சும் கருவில்லாத துண்டுதான் அரை நெல். அந்தத் துண்டுகளை 1% சோடியம் ஹைபோகுளோரைட்டில் 20 நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய நீரில் ஐந்து முறை அலசுங்கள்.

ஊடகம்: 100 மி.லி. நீருக்கு அகர் 1.5 கிராம், கரையும் ஸ்டார்ச் 0.2 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.15 கிராம். கால்சியம் இல்லாவிட்டால் அமைலேஸ் நிலைக்காது. இதே அளவில் இரண்டு பங்கு செய்து, பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வேகவையுங்கள்.

ஜிப்ரெல்லின் ஊக்கிகளில் ஒன்றான ஜிப்ரெல்லிக் அமிலம் நேரடியாக நீரில் சரியாகக் கரையாது. 10 மி.கி.யை 1 மி.லி. எத்தனாலில் கரைத்து, நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இதில் 1 மி.லி.யை ஒரு பங்கில் மட்டும் விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் ஊக்கி சிதையும். மற்றதில் 1% எத்தனால் நீர் 1 மி.லி.

நான்கு பெட்ரி தட்டுகள், ஒவ்வொன்றிலும் பத்துத் துண்டுகள், வெட்டுமுகம் கீழே: ஒன்றில் ஊக்கி இல்லாமல் அரை நெல்; இரண்டில் ஊக்கியோடு அரை நெல்; மூன்றில் முன்பே வேகவைத்த அரை நெல், ஊக்கியோடு; நான்கில் ஊக்கியில்லாமல் கருவோடு முழு அரிசி. இருட்டில் 30 டிகிரியில் வையுங்கள். வேலூர்ச் சித்திரை வெயிலில் அறையே அதைத் தாண்டும். ஈரத்துணி சுற்றிய பானைக்குள் வைப்பது நல்லது.

நான்காம் நாள் அயோடின் கரைசலை ஊற்றி, ஒரு நிமிடத்தில் வடியுங்கள். ஸ்டார்ச் இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். இரண்டாம், நான்காம் தட்டுகளில் துண்டுகளைச் சுற்றி வெளிர் வளையம் தெரிய வேண்டும். மற்ற இரண்டில் கூடாது.

செல்லுக்குள் நடப்பது இது. ஊக்கி இல்லாதபோது எஸ்.எல்.ஆர்-1 என்ற புரதம் மரபணுவை அடக்கி வைக்கிறது. 2005-இல் நெல்லில் கண்டறியப்பட்ட ஜிட்-1 ஏற்பி, ஜிப்ரெல்லினைப் பிடித்ததும் அந்த அடக்கியோடு சேர்கிறது; அடக்கி அழிக்கப்படுகிறது. அப்போது கேமிப் என்ற புரதம் உருவாகி, அமைலேஸ் மரபணுவுக்கு முன்னாலுள்ள டி-ஏ-ஏ-சி-ஏ-ஏ-ஏ வரிசையில் உட்காருகிறது. மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. செய்யும் படியெடுத்தல் தொடங்குகிறது; அந்த ஆர்.என்.ஏ. ரைபோசோமுக்குப் போக, அதன்படி அங்கே நொதி உருவாகிறது.

ஆனால் வளையம் மட்டுமே படியெடுத்தலுக்குச் சாட்சியாகாது. ஏற்கெனவே சேமித்த நொதி கசிந்திருக்கலாமே? 1967-இல் ஃபில்னரும் வார்னரும் பார்லியில், கன ஆக்சிஜன் கொண்ட நீரைக் கொடுத்து, நொதியும் கனமானதைக் கொண்டு, அது புதிதாகவே செய்யப்படுகிறது என்று காட்டினார்கள். படியெடுத்தலைத் தடுக்கும் நச்சுகளைக் கொண்டும் இதைச் சோதிக்கலாம். பள்ளியில் அது வேண்டாம்.

முதல் தட்டிலும் வளையம் வந்தால் முதலில் கருவைச் சந்தேகியுங்கள், அடுத்து பூஞ்சையை. பூஞ்சைக்கும் சொந்த அமைலேஸ் உண்டு. அதன் வளையம் கோணலாக, நூல் படர்ந்த இடத்தைச் சுற்றி இருக்கும். எந்தத் தட்டிலும் வளையமே இல்லையென்றால், பெரும்பாலும் உமி உரிக்கையில் தவிடு போயிருக்கும், அல்லது விதை பழசு. ஏழு நாள் விட்டால் வளையங்கள் ஒன்றோடொன்று கலந்து தட்டே வெளுத்துவிடும், ஒப்பிட முடியாது.