கைவேலை ஜப்பானியக் கத்தி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஜப்பானியக் கத்திக் கடையில் முதலில் கண்ணை இழுப்பது அலகின் மேல் அலையலையாக ஓடும் டமாஸ்கஸ் கோலம்தான். வெட்டுவதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. பெரும்பாலான கத்திகளில் நடுவில் ஒரு கடினமான எஃகும், அதன் இருபுறமும் போர்வைபோல் மென்மையான இரும்போ ஸ்டெயின்லெஸ்ஸோ இருக்கும். கோலம் அந்தப் போர்வையில் இருக்கிறது. காயைத் தொடுவது நடு எஃகு. கோலத்துக்காக ஒதுக்கிய பணத்தை நல்ல தேய்ப்புள்ள சாதாரணக் கத்தியில் போட்டால் சமையலறையில் அந்த வித்தியாசம் தினமும் தெரியும்.

கைவேலைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இரண்டு வேலைகளுக்குப் போகிறது: பதம் ஏற்றுவது, அதாவது எஃகைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்குவது; அலகைத் தேய்த்து மெலிதாக்குவது. பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குப் பட்டறையின் பெயரைத்தான் நம்ப வேண்டும். தேய்ப்பைப் பார்க்கலாம், விரலால் உணரலாம், கனம் அளக்கும் காலிப்பர் இருந்தால் அளக்கவும் செய்யலாம். அதனால் வாங்குபவர் நேரம் செலவழிக்க வேண்டியது அங்கேதான்.

வடிவம், நீளம்

முதல் கத்தி என்றால் குழப்பம் வேண்டாம்: 210 மி.மீ. கியூதோ. இறைச்சி, காய், கீரை எல்லாவற்றுக்கும் இது ஒன்று போதும். வெட்டுப்பலகை சிறிதாக இருந்தாலோ, நீளமான கத்தி பழக்கமில்லை என்றாலோ 165 முதல் 180 மி.மீ. வரையுள்ள சாந்தோகு. காய்கறி மட்டுமே அதிகம் வெட்டுபவர்களுக்கு 165 மி.மீ. நாகிரி, அதன் வாய் கிட்டத்தட்ட நேராக இருப்பதால் முன்பின் ஆட்டி வெட்டுபவர்களுக்குச் சரிவராது, நேராக இறக்கி வெட்டுபவர்களுக்கே பொருந்தும். பழம் சீவவும் சின்ன வேலைகளுக்கும் 120 முதல் 150 மி.மீ. வரை ‘பெட்டி’ என்ற பெயரில் சிறு கத்தி கிடைக்கும்.

யானாகிபா, தேபா, உசுபா ஆகிய மூன்றும் ஒருபக்கச் சாய்வு உள்ளவை. ஒரு பக்கம் முழுச் சரிவு, மறுபக்கம் லேசான குழிவு. பச்சை மீனைக் கண்ணாடிபோல் சீவுவதற்கு யானாகிபாவுக்கு இணை கிடையாது. ஆனால் காரட்டை நேராக இறக்கினால் கத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மீன் வேலை இல்லாதவர் அழகுக்காக இதை வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும். இடதுகைக்காரர்களுக்கு இவை தனியாகச் செய்யப்படுகின்றன, விலையும் கூடுதல். வலதுகைக் கத்தியைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இருபக்கச் சாய்வுள்ள கியூதோவிலும் சில பட்டறைகள் வலதுகைக்குச் சாதகமாகச் சரிவை வைப்பதுண்டு. இடதுகைக்காரர்கள் அதையும் கேட்டுவிட வேண்டும்.

எஃகு: எதை எதற்காக

முடிவெடுக்க ஒரே கேள்வி போதும். வெட்டி முடித்தவுடன் கத்தியைக் கழுவித் துடைப்பீர்களா, மாட்டீர்களா? துடைப்பவர்களுக்குக் கார்பன் எஃகு. அதில் ஷிரோகாமி, ஆவோகாமி என்று இரண்டு வகை. ஷிரோகாமி என்பது கிட்டத்தட்ட இரும்பும் கார்பனும் மட்டுமே. இரண்டாம் ரகத்தில் கார்பன் சுமார் 1.1 சதவீதம், முதல் ரகத்தில் 1.3-ஐ ஒட்டி. சாணைக்கல்லில் மிகச் சீக்கிரம் கூர் ஏறும். ஆவோகாமியில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் சேர்கின்றன. கூர் கூடுதல் நாள் நிற்கும், தீட்ட சற்று அதிக நேரம் பிடிக்கும். இரண்டுமே துருப்பிடிக்கும். ஈரத்தோடு விட்டுவிட்டு வந்தால் அரைமணி நேரத்தில்கூட செம்புள்ளிகள் எழும். வெங்காயமும் எலுமிச்சையும் வெட்டும்போது அலகு நீலச் சாம்பல் நிறமாக மாறுவது வேறு விஷயம். அந்தப் படலம் துரு அல்ல, அடுத்தடுத்த துருவைத் தடுப்பது. அதைத் தேய்த்து எடுக்கக் கூடாது.

துடைப்பதில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஸ்டெயின்லெஸ். எச்சிசென் பகுதியிலுள்ள தகேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் நிறுவனத்தின் விஜி-10-இல் கார்பன் சுமார் 1, குரோமியம் சுமார் 15 சதவீதம், கூடவே கோபால்ட். இதன் தரம் பட்டறைக்குப் பட்டறை நிறையவே மாறுகிறது. பதம் சரியில்லாத விஜி-10-இல் பிசிறு, அதாவது தீட்டும்போது வாயோரம் எழும் மெல்லிய உலோக இழை, விடாமல் ஒட்டிக்கொண்டு தீட்டுபவரைப் படுத்திவிடும். ஜின்சான் என்ற ஸ்டெயின்லெஸ், தீட்டும்போது கார்பன் எஃகுக்கு மிக அருகில் வரும். பொடி உலோகவியல் முறையில் செய்யும் எஸ்ஜி2-இன் கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் மழுங்கிவிட்டால் மீட்க நேரமும் நல்ல கல்லும் வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு: உள்ளே ஆவோகாமி அல்லது ஷிரோகாமி, வெளியே ஸ்டெயின்லெஸ் போர்வை. வாயை ஒட்டிய மெல்லிய பட்டை மட்டுமே நிறம் மாறும். கார்பன் எஃகைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு முதல் தேர்வாக இதைச் சொல்லலாம்.

ஜப்பானியக் கத்திகளின் கடினத்தன்மை, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில், பெரும்பாலும் 60 முதல் 64 வரை இருக்கும். ஜெர்மானியக் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58. அதிக எண் என்றால் நல்ல கத்தி என்று பொருள் இல்லை. எண் ஏற ஏற வாய் வளைவதற்குப் பதில் உடைய ஆரம்பிக்கும். எலும்பு, உறைந்த இறைச்சி, பழக்கொட்டை இவற்றில் பட்டால் வாயில் பிறைபோல் துண்டு பெயர்ந்துவிடும். முழுக்க ஒரே எஃகில் செய்யும் ஹோன்யாகி ஒரு லட்சம் யென்னைச் சாதாரணமாகத் தாண்டும். தவறி விழுந்தால் இரண்டாக உடையவும் கூடும். அது தொழிலாகச் செய்பவர்களுக்கானது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் நேர்மை. பிடியைக் கண்ணருகே வைத்து, முனையை விளக்கை நோக்கி நீட்டி, முதுகு வழியாகப் பாருங்கள். பிறகு கத்தியைத் திருப்பி வாய் வழியாகப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான வளைவு என்றால் கடைக்காரரே நிமிர்த்திக் கொடுத்துவிடுவார். கையால் அடித்து, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்த அலகில் இது வருவதுதான். முறுக்கம் இருந்தால், அதாவது குதிப் பக்கம் (பிடியை ஒட்டிய அலகின் பின்முனை) ஒரு கோணமும் முனை வேறு கோணமுமாக நின்றால், வைத்துவிடுங்கள்.

அடுத்து வாயைத் தட்டையான பலகையின் மேல் நிறுத்தி மெதுவாக முன்னே உருட்டுங்கள், பின்புறம் வெளிச்சம் இருக்கட்டும். உருட்டும் இடத்தில் எல்லாம் வாய் பலகையைத் தொட வேண்டும். பெரும்பாலும் குதியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி ஓர் ஒளிக்கீற்று தெரியும். தேய்ப்பவர் சக்கரத்தில் அந்த இடத்தைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டார் என்று அர்த்தம். இந்தப் பள்ளம் உள்ள கத்தியில் வெங்காயத்தாளை நறுக்கினால் துண்டுகள் பிரியாமல் மணிச்சரம்போல் தொங்கும். வாய் முழுவதையும் தேய்த்து இறக்கினால்தான் பள்ளம் போகும். புதுக் கத்தியில் அந்த வேலையை ஏன் செய்ய வேண்டும்?

மூன்றாவது, கனம். குதியின் பின்விளிம்பை நேராகப் பார்த்தால் அலகின் குறுக்குவெட்டு தெரியும். முதுகிலிருந்து வாய்வரை மெல்லச் சரிந்து, கடைசி ஒரு செ.மீ.-இல் தாள்போல் மெலிந்திருக்க வேண்டும். காலிப்பர் இருந்தால் வாய்க்கு 1 செ.மீ. மேலே வைத்துப் பாருங்கள்: கியூதோவில் 1.5 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் எவ்வளவு கூராகத் தீட்டினாலும் காரட்டில் பாதி இறங்கியதும் ‘டப்’பென்று பிளக்கும். அது வெட்டு அல்ல, ஆப்பு அடிப்பது. முதுகின் கனமும் குதியிலிருந்து முனைவரை குறைந்துகொண்டே போக வேண்டும். குதிக்கு மேல் 3 மி.மீ. அளவில் தொடங்கி, முனைக்கு 1 செ.மீ. முன்பு 1 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் அடித்துச் செய்த அலகின் பலன் அங்கே இருக்கிறது. தகட்டில் வெட்டியெடுத்த மலிவுக் கத்திகளில் இந்த அளவு பெரும்பாலும் ஒரே சீராக நிற்கும்.

அதற்காக வெறும் மெல்லிய அலகையும் துரத்த வேண்டாம். இரு பக்கமும் தட்டையாக இருந்தால் உருளைக்கிழங்கு அலகில் ஒட்டிக்கொண்டு வரும். நல்ல தேய்ப்பில் வலதுபக்கம் மிக மெல்லிய புடைப்பு இருக்கும். அலகைச் சாய்த்து விளக்கின் பிரதிபலிப்பை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தால் அது புலப்படும். பிரதிபலிப்பு நெளிந்து நெளிந்து போனால் மேடு பள்ளம் இருக்கிறது.

நான்காவது, நடு எஃகும் போர்வையும் சேரும் கோடு. அது வாயிலிருந்து ஓரளவு சம தூரத்தில் போக வேண்டும். லேசாக அலைவது இயல்பு. ஓரிடத்தில் வாய்க்கு மிக அருகில் வந்துவிட்டால், சில வருடங்கள் தீட்டியபின் அங்கே மென்மையான இரும்புதான் மிஞ்சும். டமாஸ்கஸ் அசல்தானா என்று பார்க்க முதுகையும் குதியின் விளிம்பையும் கவனியுங்கள். அடுக்குகள் அங்கேயும் தென்பட்டால் அசல். பக்கவாட்டில் மட்டும் கோலம் இருந்தால் அது லேசரிலோ அமிலத்திலோ வரைந்தது.

ஒருபக்கச் சாய்வுக் கத்தியில் கூடுதலாகப் பின்பக்கத்தைப் பாருங்கள். குழிவைச் சுற்றி விளிம்பில் ஓடும் தட்டைப் பட்டை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் அகன்று ஓரிடத்தில் காணாமல் போனால் அலகு வளைந்திருக்கிறது. முன்பக்கம் சரிவு தொடங்கும் கோடும் நூல் பிடித்ததுபோல் ஓட வேண்டும்.

உலையில் அலகின் மேல் படியும் கறுப்புத் தோலை அப்படியே விட்ட கத்திகளும், சுத்தியல் தடம் உள்ளவையும் பார்ப்பதற்குப் பெரும் கைவேலையாகத் தோன்றும். உண்மையில் பல பட்டறைகளில் அவைதான் விலை குறைந்த ரகம், ஏனென்றால் மெருகேற்றும் வேலை மிச்சம். பணத்துக்கு நல்ல கத்தி வேண்டுமென்றால் அங்கே தேடுவது புத்திசாலித்தனம்.

பிடி

மரப்பிடிக் கத்தியில் அலகின் தோளுக்கும் பிடிக்கும் இடையே சில மி.மீ. இடைவெளி விட்டிருப்பார்கள். அது குறை அல்ல. பிடிக்குள் தண்டு நுழையும் இடத்தில் விரிசலோ அடைக்காத துளையோ இருந்தால்தான் கவலை. தண்ணீர் இறங்கி உள்ளே துருவேறும். எண்கோணப் பிடி இரு கைக்கும் பொருந்தும், ‘டி’ வடிவப் பிடி பெரும்பாலும் வலதுகைக்கே. மக்னோலியா மரப்பிடி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பிடியின் அழகுக்காகக் கத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முதுகும் குதியின் விளிம்பும் உருட்டி மழுக்கப்பட்டிருக்கிறதா என்று ஆள்காட்டி விரலால் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் உப்புத்தாளில் கால்மணி நேரம் தேய்த்தால் போதும்.

யார் செய்தது என்று கேளுங்கள்

ஒசாகா மாகாணத்தின் சகாய் நகரில் அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் இன்னொருவர். அலகில் வெட்டியிருக்கும் பெயர் பெரும்பாலும் இவர்கள் யாருடையதும் அல்ல, மூவரையும் ஒருங்கிணைக்கும் வணிகருடையது. எனவே ‘அடித்தது யார், தீட்டியது யார்’ என்று இரண்டையும் கேட்க வேண்டும். நல்ல கடைக்காரர் பெயரோடு சொல்வார், அல்லது பட்டறை பெயரை வெளியிட விரும்பவில்லை என்று நேராகச் சொல்வார். நீகாதா மாகாணத்தின் சான்ஜோவில் அடிப்பது முதல் தீட்டுவதுவரை ஒரே பட்டறையில் முடிவது சகஜம். ஃபுகுயி மாகாணத்தின் எச்சிசெனில் தகேஃபு கத்திக் கிராமத்தில் பல பட்டறைகள் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. வேலையைப் பார்த்துவிட்டு வாங்கலாம். கிஃபு மாகாணத்தின் செகியில் பெரிய தொழிற்சாலைகள் அதிகம். அங்கே வரும் கத்திகள் மோசம் என்பதல்ல, அவற்றைக் கைவேலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எச்சிசென் கத்தித்தொழில் 1979-இலும் சகாய் 1982-இலும் அரசின் பாரம்பரியக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தன. அந்த முத்திரை உள்ள கத்தி குறிப்பிட்ட முறையில் அடித்துச் செய்தது என்பதற்குச் சான்று. தேய்ப்பு நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

‘முழுக்கக் கையால் அடித்தது’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நடு எஃகையும் போர்வையையும் ஆலையிலேயே ஒட்டிய தகடாக வாங்கிப் பயன்படுத்தும் நல்ல பட்டறைகள் ஏராளம். ஒட்டுவது ஆலையில் நடந்தாலும் பதமும் தேய்ப்பும் பட்டறையில் நடக்கின்றன.

ஜப்பானில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தக்க காரணமின்றி 6 செ.மீ.க்கு மேல் அலகுள்ள கத்தியை வெளியே கொண்டுபோவது அங்கே சட்டவிரோதம். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, ஒப்படைக்கும் பெட்டியில்தான்.

முதல் சில வாரங்கள்

கத்தியோடு 1000 எண் சாணைக்கல் ஒன்றும், முடிந்தால் 3000-க்கும் 6000-க்கும் இடையில் இன்னொன்றும் வாங்கிவிடுங்கள். கத்தி தீட்ட விற்கும் வரிவரியான எஃகுக் கம்பியில் உரசக் கூடாது, இந்தக் கடினத்துக்கு வாய் பொடிந்துவிடும். கண்ணாடி, கல் பலகைகளும் கூடாது. மரமோ மென்ரப்பரோ போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் அலகுக்கும் பிடிக்கும் சேர்த்தே கேடு.

புதுக் கத்தியில் முதல் வாரத்திலேயே வாயில் பொடிப்பொடியாக உடைசல் தெரிந்தால் பதறித் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பட்டறைச் சக்கரத்தின் சூட்டில் வாயின் கடைசி நூலளவு பலவீனமாகி இருக்கலாம். 1000 கல்லில் அந்த உடைசல் மறையும்வரை தீட்டி, பக்கத்துக்கு 15 பாகையில் முடியுங்கள், 48 மி.மீ. உயரமுள்ள அலகுக்கு முதுகைக் கல்லிலிருந்து சுமார் 12 மி.மீ. தூக்கினால் அந்தக் கோணம் வரும். இரண்டு மூன்று முறை இப்படித் தீட்டி, எலும்பும் கொட்டையும் தொடாமல் வெட்டியும் மறுபடி உடைந்தால் குறை பதத்தில் இருக்கிறது. அப்போது கடைக்குக் கொண்டுபோங்கள்.