போலிச் சுடுமண் சிலை கைமாறிய வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அருங்காட்சியகப் பதிவேடு எழுதப் புதிதாக வருபவர்களின் வரைவுகளைத் திருத்தி அலுத்துவிட்டது. ஆண்டு பிசகுவது, பெயரில் எழுத்து விழுந்துபோவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வியாபாரியின் பேச்சை உடைமையாளர் வரிசையில் சேர்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள பெனிவியெனி மார்பளவுச் சிலையைப் பாருங்கள். 1864ல் புளோரன்சில் ஃப்ரெப்பா என்ற பழம்பொருள் வியாபாரியிடம் நொலிவோஸ் என்பவர் அதை 700 பிராங்குக்கு வாங்கினார். 1866 ஏலத்தில் லூவ்ர் 13,600 பிராங்கு கொடுத்து எடுத்தது. அத்தனை கைகளும் உண்மை, கொடுத்த காசும் உண்மை. ஆனால் கவிஞர் பெனிவியெனி இறந்தது 1542ல். நடுவில் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஒரு பெயர்கூடக் கிடையாது!

1867 கடைசியில் ஃப்ரெப்பாவே வாயைத் திறந்தார். செய்தவர் அக்காலத்துச் சிற்பி ஜொவான்னி பாஸ்தியானினி, கூலி 350 பிராங்கு, மாதிரியாக உட்கார்ந்தவர் புகையிலை ஆலைத் தொழிலாளி. பாரிஸ் நிபுணர்கள் பலர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கதையை ஒப்பிப்பவர்கூட, வேறொரு சிலை மேசைக்கு வந்ததும் 'பழைய பிரபுக் குடும்பம், பின்னர் வியாபாரி' என்று எழுதிவிடுகிறார். எந்தக் குடும்பம் என்று கேட்டால், 'ரசீதில் இருக்கிறதே' என்கிறார். அந்த ரசீதை எழுதியதே வியாபாரிதானே! அப்புறம் அந்த வரி ஓர் ஏலப் பட்டியலுக்குப் போகிறது. அடுத்தவர் அந்தப் பட்டியலையே சான்றாகக் காட்டுகிறார். ஒரே ஆளின் பேச்சு இரண்டு சான்றாகிவிட்டது. அதை நம்பி விலை ஏறுகிறது. வரலாற்றை முதல் ஆவணத்தின் ஆண்டிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முந்தையதை 'வியாபாரி கூற்றுப்படி' என்று தனியே எழுதுங்கள்.

சிலையில் பொறித்த பெயரை நம்புவது

லூவ்ர் சிலையிலும் பெனிவியெனி என்றுதான் பொறித்திருக்கிறது.

வெப்ப ஒளிர்வுச் சோதனையால் இடைவெளியை நிரப்புவது

மண் கடைசியாக எப்போது சூடேறியது என்று அது தோராயமாகச் சொல்லும். யார் வீட்டில் இருந்தது என்று சொல்லாது.

போலி என்றதும் பழைய பதிவை அழிப்பது

1866 ஏலம் நடந்தது நடந்ததுதான். அந்த வரிகள் அப்படியே இருக்கட்டும். மேலே சிற்பியின் பெயரைச் சேர்த்தால் போதும். பாஸ்தியானினி, ஃப்ரெப்பா, நொலிவோஸ், லூவ்ர். இப்போதுதான் அந்த வரிசையில் ஓட்டையே இல்லை.