முற்றத்துப் பிச்சியும் சக்கை மரமும்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. தோட்ட வேலையும் அதை ஒட்டித்தான். தை பாதியில் பிச்சிக் கொடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கத்தரித்துவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் புதுத் துளிரில்தான் மொட்டு வரும். மட்கிய சாணம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். பூக்கும் காலத்தில் சாயங்காலம் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். நுனி சிவந்த மொட்டு இருட்டியதும் விரியத் தொடங்கும். தோவாளைச் சந்தைக்கு மொட்டாகவே போய்விடுவதால், இந்தக் காட்சி வளர்ப்பவருக்கு மட்டும்தான்.

சித்திரை முதல் நாள் காலையில் கண்விழித்துப் பார்க்கும் கணிக்குக் கொன்றையில் ஒரு கொத்து போதும், மிச்சம் மரத்திலேயே இருக்கட்டும். அப்புறம் சக்கை, அதாவது பலா: முட்கள் இடைவெளி விட்டு விரிந்து, தட்டினால் மந்தமான சத்தம் வந்தால் பறிக்கலாம். ஐப்பசி மழைக்கு வேர்ப்பக்கம் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிட்டால் சரி.