வயலினுக்கு மைக்கை எங்கே வைப்பது?

அருகில் நின்று கேட்கும்போது இனிமையாக ஒலிக்கும் வயலின், ஒலிபெருக்கியின் வழியே வரும்போது தகரத்தைக் கீறுவதுபோல் மாறிவிடுவதைப் பலரும் கேட்டிருப்போம். பழி பெரும்பாலும் மைக்கின் மீதோ மிக்ஸரின் மீதோ விழுகிறது. என் அனுபவத்தில் முதலில் சரிபார்க்க வேண்டியது மைக் நிற்கும் இடத்தைத்தான். மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் ஒலியில் வரும் மாற்றத்தை, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரின் எந்தக் குமிழைத் திருப்பியும் முழுமையாகக் கொண்டுவர முடியாது.

வயலினின் ஒலி ஒரே புள்ளியிலிருந்து வருவதில்லை என்பதே இதற்குக் காரணம். தந்தியின் அதிர்வு, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையின் வழியே மேல்பலகைக்கு இறங்கி, அங்கிருந்து முதுகுப் பலகைக்கும் உள்ளே அடைபட்ட காற்றுக்கும் பரவுகிறது. ஏறக்குறைய 35.5 செ.மீ. நீளமுள்ள அந்த உடல் முழுவதும் அதிர்கிறது. ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு பகுதி வலுவாக அதிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுமார் 270 முதல் 280 ஹெர்ட்ஸ் அளவில் எஃப் வடிவத் துளைகளின் வழியே பலமாக ஒலிக்கிறது. ஏறத்தாழ 400, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகப் பரவுகிறது; அதற்கு மேலே போகப் போக, அடுத்தடுத்த இரண்டு சுரங்கள்கூட வெவ்வேறு திசைகளில் வலுத்து வரும் அளவுக்குப் பரவல் சிக்கலாகிறது. இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் 1997இல் இந்தப் பண்பைத் திசைசார்ந்த ஒலிநிறம் என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். ஆகவே பலகையின் ஏதோ ஓரிடத்துக்கு மிக அருகே மைக்கை வைத்தால், அந்த இடம் தருவது மட்டுமே கிடைக்கும். சில சுரங்கள் முட்டிக்கொண்டு வரும், சில காணாமல் போகும்.

வயலின் தன் முழு உருவத்தோடு கேட்பதற்கு, குறைந்தது அதன் உடல் நீளத்தின் அளவாவது விலகி நிற்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொள்ளலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்றிரண்டு மீட்டர்கூட விலகலாம். மேடையில் அந்தச் சுதந்திரம் இல்லை. ஒலிபெருக்கியின் ஒலி மைக்குக்குள் மறுபடியும் நுழைந்து ஊளையிடுவதற்குள் நமக்குத் தேவையான அளவு ஒலி கிடைத்தாக வேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்கு ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், 60 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ.க்கு வந்தாலே கெயினை, அதாவது மைக்கின் ஒலியை மிக்ஸரில் பெருக்கும் அளவை, கணிசமாகக் குறைத்துக்கொள்ள முடியும். இன்னும் நெருங்கினால் ஒலியின் முழுமை கெடத் தொடங்கும். இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையே எங்கே நிற்பது என்பதுதான் மைக் வைக்கும் வேலையின் சாரம்.

ஸ்டாண்டில் பொருத்திய மைக்கோடு தொடங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுக்கும் கார்டியாய்டு வகையில், சிறு சவ்வுடைய கண்டென்சர் மைக் இதற்கு நன்கு பொருந்தும். அதற்கு மிக்ஸரிலிருந்து மைக் கம்பியின் வழியே வரும் 48 வோல்ட் பேண்டம் மின்சாரம் தேவை. மைக்கை மேல்பலகைக்கு மேலே 40 முதல் 50 செ.மீ. உயரத்தில், குதிரைக்கும் விரல் பலகையின் முனைக்கும் இடைப்பட்ட பகுதியை நோக்கி வையுங்கள். இது தொடக்கப் புள்ளிதான். அங்கிருந்து குதிரையை நோக்கித் திருப்பினால் ஒலி கூர்மையாகும், வில் உரசும் ஓசையும் கூடும். விரல் பலகையின் பக்கம் திருப்பினால் கதகதப்பாகும், ஆனால் தெளிவு சற்றுக் குறையும். எஃப் துளைக்கு நேர் எதிரே அருகில் வைத்தால், முன்பு சொன்ன காற்றின் அதிர்வு தனியே உப்பி, ஒலி பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது. ஒலி கூர்மையாக இருப்பதாகத் தோன்றினால் உடனே மைக்கைத் தூர விலக்க வேண்டியதில்லை. அதே தூரத்தில், பலகைக்கு நேர் எதிரே இருப்பதைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். உயர்ந்த அதிர்வெண்கள் பெரும்பாலும் மேல்பலகைக்கு எதிரே வலுவாக வருவதால், அந்தச் சாய்வே போதுமான மென்மையைத் தந்துவிடும்.

வில்லின் பாதையை மறந்துவிட்டு மைக் வைப்பவர்கள் பலர். வில் ஏறக்குறைய 75 செ.மீ. நீளமுடையது, வாசிப்பவர் வில்லின் அடிப்பகுதியில் வாசிக்கும்போது அதன் நுனி வயலினின் மறுபக்கத்தில் வெகுதூரம் நீண்டிருக்கும், தந்திக்குத் தந்தி அதன் சாய்வும் மாறும். ஆனால் வில் எப்போதும் தந்திகளுக்குக் குறுக்கே, கிட்டத்தட்ட ஒரே தளத்தில்தான் அசைகிறது. அந்தத் தளத்திலிருந்து மைக்கை வயலினின் தலைப்பக்கமாகச் சற்று நகர்த்திவிட்டு, அங்கிருந்து குதிரையின் திசையில் சாய்த்து நோக்கச் செய்தால், 30 செ.மீ. வரை நெருங்கினாலும் வில் மைக்கில் இடிக்காது. வாசிப்பவரை நான்கு தந்திகளிலும் முழு வில்லில் வாசிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே ஸ்டாண்டின் திருகுகளை இறுக்குங்கள். மைக்கில் இடித்துவிடுமோ என்ற அச்சத்தோடு வாசிப்பவரின் வில் சுருங்கிவிடும், அந்தச் சுருக்கம் இசையிலும் கேட்கும்.

இடத்தைக் காதால் தேடும் வழி ஒன்று உண்டு. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் காதை மைக்காகக் கருதி, வாசிப்பவரைச் சுற்றி அரை மீட்டர் தூரத்தில் மெதுவாக நகர்ந்து கேளுங்கள். இரண்டு காதுகளும் திறந்திருக்கும்போது மூளை குறைகளைச் சரிசெய்துகொள்கிறது. ஒற்றைக் காதால் கேட்கும்போது இடத்துக்கு இடம் ஒலி எவ்வளவு மாறுகிறது என்பது வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாகும். மேற்கத்திய முறையில் சுருதி கூட்டினால் 196 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் கீழ்த்தந்தியிலிருந்து மேல்தந்தியின் உச்ச சுரங்கள் வரை, மெல்லவும் உரக்கவும் வாசிக்கச் செய்து, எந்தச் சுரமும் தனியே துருத்தாத இடத்தைக் கண்டுபிடித்து, காது இருந்த அதே இடத்தில் மைக்கை வையுங்கள். ஒவ்வொரு வயலினுக்கும் அந்த இடம் வேறுபடும்.

அடுத்தது, வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்பதற்காக அவருக்கு முன்னே தரையில் இருக்கும் மானிட்டர் ஒலிபெருக்கி. வயலின் மைக்கில் ஊளை வருவதற்கு முதன்மையான காரணமாக நான் கருதுவது இதுவே. கார்டியாய்டு மைக்கின் செவிட்டுப் பக்கம் அதன் நேர் பின்புறம், அதாவது 180 பாகையில் இருக்கிறது. அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டில் அது இரு பக்கமும் ஏறக்குறைய 126 பாகையில் அமைகிறது. பாடுபவரின் மைக் கிடைமட்டத்தை ஒட்டி இருப்பதால் அதன் பின்புறம் இயல்பாகவே மானிட்டரை நோக்கும். வயலின் மைக்கோ மேலிருந்து கீழே பார்க்கிறது. அதன் செவிட்டுப் பக்கம் கூரையை நோக்கியிருக்க, கேட்கும் பக்கம் தரையையும் மானிட்டரையும் நோக்கியிருக்கிறது. எனவே மைக்கைச் செங்குத்தாகத் தொங்கவிடாமல், வாசிப்பவருக்கு முன்னிருந்து சாய்வாக அவரை நோக்கும்படி வைத்து, மானிட்டரை அவையோரின் பக்கமாக இன்னும் முன்னே தள்ளினால், அது மைக்கின் பின்பக்கக் கோணத்துக்குள் மெல்ல நகர்ந்துவிடும். மானிட்டரின் அளவையும் வாசிப்பவர் ஏற்கக்கூடிய மட்டத்துக்குக் குறையுங்கள். வயலினின் உடலே மானிட்டரின் ஒலியால் அதிர்ந்து அதை மைக்குக்குக் கொண்டுசேர்க்கக்கூடும் என்பதால், மைக்கின் கோணத்தை மட்டும் மாற்றினால் எப்போதும் போதாது.

நின்று வாசிப்பவர்கள் இசையோடு அசைவார்கள். 45 செ.மீ. தூரத்தில் பத்து செ.மீ. விலகினால் சுமார் 1.7 டெசிபல் குறையும், பத்து செ.மீ. தூரத்தில் இன்னொரு பத்து செ.மீ. விலகினால் 6 டெசிபல் போய்விடும். உட்கார்ந்து வாசிப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் மைக் தாழ்ந்து தரைக்கு அருகே வருவதால் தரையில் எதிரொலிக்கும் ஒலியும் உள்ளே வரும், ஆகவே கீழே தடித்த விரிப்பு இருப்பது உதவும்.

டிரம்ஸ் போன்ற உரத்த கருவிகள் பக்கத்தில் இருந்தாலோ, வாசிப்பவர் மேடையில் நடமாடினாலோ, கருவியிலேயே பற்றிக்கொள்ளும் கிளிப் மைக்தான் வழி. டிபிஏ 4099 போன்ற மைக்குகள் இதற்கென்றே வளையும் கழுத்தோடும், வயலினின் விளிம்புகளைப் பற்றும் பிடியோடும் வருகின்றன. இங்கே தூரம் இல்லாததால் கோணமே எல்லாம். வில்லின் தளத்துக்குப் பின்னே, குதிரைக்கும், தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு மேலிருந்து குதிரையைச் சாய்வாகப் பார்க்கும்படி வைத்துத் தொடங்குங்கள். மைக்கின் கழுத்து வளையும் வரை பலகையிலிருந்து விலக்குங்கள். எஃப் துளையின் விளிம்பில் வைக்காதீர்கள். வாசிப்பவரின் மூச்சு விழாதபடி மைக்கின் தலையைத் திருப்புங்கள். மைக்கையோ வேறு எதையுமோ குதிரையின் மீது மாட்டக் கூடாது. அங்கே கூடும் சிறு எடையும் ஒலியை அமுக்கிவிடும், ஒலியை அடக்கக் குதிரையில் மாட்டும் மியூட் வேலை செய்வதே அப்படித்தான். பிடியில் மெத்தென்ற உறை இருக்கிறதா என்று பாருங்கள், வயலினின் வார்னிஷ் எளிதில் தழும்பாகும். மைக்கின் கம்பியை வாசிப்பவரின் இடுப்பில் ஒருமுறை பிடித்துவைத்தால் அதன் இழுப்பு கருவிக்குப் போகாது.

கிளிப் மைக், ஸ்டாண்ட் மைக் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. இரண்டுக்கும் இடையே அரை மீட்டர் தூர வேறுபாடு இருந்தால், ஒலி ஏறத்தாழ ஒன்றரை மில்லி விநாடி பிந்தி வந்து சேர்கிறது. அப்போது 340 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அது வயலினின் நடுப்பகுதியிலேயே விழும் பள்ளம். ஒன்றைத் தேர்ந்து, மற்றதை மூடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகே ஈக்வலைசர். மேற்கத்திய சுருதியில் வயலினின் மிகத் தாழ்ந்த சுரம் 196 ஹெர்ட்ஸ் என்பதால், அப்படிச் சுருதி கூட்டிய வயலினுக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் மேடை அதிர்வும் காலடி ஓசையும் போகும், இசை எதுவும் போகாது. கார்டியாய்டு மைக்கை நெருக்கி வைத்ததால் தாழ்ந்த ஒலி உப்பியிருந்தால், 200 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் சிறிது குறையுங்கள். கீறல் மிஞ்சியிருந்தால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இரண்டு மூன்று டெசிபல் குறைக்கலாம். அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் மைக்கின் இடம் தவறு என்று கொண்டு மறுபடியும் ஸ்டாண்டுக்குத் திரும்புங்கள். திறந்த வெளியில் மைக்குக்குப் பஞ்சுறை அவசியம்.

எல்லாம் அமைந்த பிறகு, அவையின் நடுவிலும் கடைசி வரிசையிலும் நின்று கேட்டுவிட்டு, ஸ்டாண்டின் கால்களும் வாசிப்பவரின் பாதங்களும் இருக்கும் இடங்களை ஒட்டுநாடாவால் தரையில் குறித்து, மைக்கின் நுனியிலிருந்து குதிரை வரையுள்ள தூரத்தையும் அளந்து எழுதிவையுங்கள். இடையில் யாராவது ஸ்டாண்டை நகர்த்தினாலும் அரை நிமிடத்தில் அதே இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.