ஷகாலின் ‘வெள்ளைச் சிலுவையேற்றம்’: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

யூத ஓவியர் மார்க் ஷகால் 1938-இல் வரைந்த இந்த ஓவியம் சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் நடுவிலிருக்கும் இயேசுவை விட்டுவிடுங்கள். வீட்டுச் சுவரில் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) பார்த்தே வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இது கஷ்டம்தான், கண் நேராக அங்கேதான் ஓடும். ஆனாலும் ஓரங்களிலிருந்து தொடங்குங்கள். இடப்பக்கம் வீடுகள் கவிழ்ந்து எரிகின்றன. செங்கொடியோடு ஒரு படை வருகிறது. காப்பாற்ற வருகிறார்கள் என்பாரும் உண்டு, தாக்க வருகிறார்கள் என்பாரும் உண்டு. தீக்கு இவ்வளவு பக்கத்தில் வரைந்திருப்பதால் எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. கீழே படகு நிறைய அகதிகள். வலப்பக்கம் யூதர்களின் தொழுகைக்கூடம் எரிகிறது, முன்னால் ஒரு சீருடைக்காரன். ஜெர்மனியில் மியூனிக், நியூரம்பெர்க் தொழுகைக்கூடங்களை நாஜிகள் இடித்ததும் அதே 1938-இல்தான்.

அப்புறம் நடுவுக்கு வாருங்கள். எது வழக்கமாக இருக்க வேண்டும், அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். முள்முடிக்குப் பதில் தலையில் துணி. இடுப்பில் கறுப்புக் கோடு போட்ட யூதச் செபச் சால்வை. மேலே வானதூதர்கள் இல்லை, அழுது புலம்பும் யூத மூதாதையர். மேலிருந்து இறங்கும் வெண்ணொளியைப் பார்த்ததும் ‘நம்பிக்கை’ என்று எழுதிவிடாதீர்கள். அது படகுவரை எட்டுகிறதா என்று பாருங்கள்.

இயேசுவின்மேல் வந்த தீர்ப்பைத் தேட வேண்டிய இடம் பலகைகள். அவருக்குத் தீர்ப்பிட்ட ரோம ஆளுநர் பிலாத்து இங்கே இல்லை, நீதி இருக்கையும் இல்லை. சிலுவையின் உச்சியில் குற்றச்சாட்டு மட்டும் இருக்கிறது: ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன்’. நம் தேவாலயச் சிலுவைகளில் காணும், இதன் சுருக்கமான INRI என்ற நான்கு லத்தீன் எழுத்துகளோடு நிறுத்தாமல், எபிரேய எழுத்திலும் முழுதாக எழுதியிருக்கிறார் ஷகால். இப்போது கீழே இடது மூலைக்கு இறங்குங்கள். ஒரு கிழவரின் நெஞ்சில் வெற்றுப் பலகை தொங்குகிறது. முதலில் அதில் ‘நான் யூதன்’ என்று ஜெர்மன் மொழியில் இருந்தது. பிற்பாடு ஷகாலே அதன்மேல் வண்ணம் பூசி மறைத்தார்.

இரண்டு பலகைகளையும் சேர்த்துப் படியுங்கள். உச்சியிலிருப்பவருக்கும் கிழவருக்கும் குற்றம் ஒன்றுதான், யூதராக இருப்பது. எனக்கு இந்த ஓவியம் பிடிபட்டது இங்கேதான். இனி சிலுவையைத் தனியாகப் பார்க்க என்னால் முடியவில்லை, அந்தக் கிழவரையும் சேர்த்தே பார்க்கிறேன்.