கொசுவலையை நம்பிய வீடுகள்

தெருவில் கிடைக்கும் பூனைக்குட்டிகளைத் தேற்றித் தத்து கொடுக்கும் முன், அவை போகவிருக்கும் வீட்டை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது என் வழக்கம். சென்ற மாதம் சென்னையில் மூன்று அடுக்குமாடி வீடுகளுக்குப் போனேன். 2014-இல் நான் செய்த அதே பிழை மூன்றிலும் ஜன்னலில் ஒட்டப்பட்டிருந்தது. பூனை மாடியிலிருந்து விழாமலிருக்கப் பால்கனிக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொசுவலையைக் காவல் என்று எண்ணுவது

ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெல்க்ரோ பட்டை ஒட்டி அதன்மேல் அழுத்திப் பொருத்தும் மெல்லிய வலையைத்தான் சொல்கிறேன். அதைப் பொருத்த வந்தவர், "எலி, பூனை எதுவும் வராதும்மா" என்றார். வெளியிலிருந்து வராது என்பதற்கும் உள்ளேயிருந்து போகாது என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அன்று எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் அப்போது நான்காவது மாடியில் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே இருந்த ஏசி பெட்டியின் மேல் ஒரு புறா நாள்தோறும் வந்து உட்காரும். எங்கள் சாம்பல் நிறப் பூனை அதைப் பார்த்தபடியே காலைப் பொழுதைக் கழிப்பாள். ஒரு நாள் அடுக்களையில் நின்றிருந்தபோது, துணி கிழிவது போன்ற ஓசை கேட்டு ஓடினேன். வலையின் கீழ் மூலை திறந்து கிடந்தது. சுவர்ப் பூச்சின் ஒரு சில்லோடு பட்டை பெயர்ந்து தொங்க, அதன் முட்களில் சாம்பல் மயிர் சிக்கியிருந்தது. கிரில் கம்பிகளுக்கு இடையே இருந்த நான்கு அங்குல இடைவெளி அவளுக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

கீழே ஒரு காருக்கு அடியில் அவளைக் கண்டெடுத்தோம். மேல் அண்ணம் பிளந்து, கீழ்த்தாடை நடுவில் பிரிந்திருந்தது. தாடையைக் கம்பியால் கட்டிய பின், ஐந்து வாரம் கழுத்தில் பொருத்திய குழாய் வழியாகவே உணவு செலுத்தினோம்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என்னை உறுத்துவது ஒன்றுதான்: அந்த வலை இல்லாதிருந்தால் நான் அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பேன். திறந்து வைக்கும் துணிவை எனக்குத் தந்ததே அந்த வலைதான்.

வெல்க்ரோவை ஒரு மூலையிலிருந்து உரித்தால் எளிதில் பிரிந்துவிடும் என்பதை நாம் கையாலேயே அறிவோம். நகத்தை வலையில் மாட்டிக்கொண்டு நான்கு கிலோ பூனை தொங்கும்போது நடப்பதும் அதே உரித்தல்தான். போதாக்குறைக்கு, பட்டையின் பின்னுள்ள பசை வெயிலில் இளகிவிடுகிறது.

ஜன்னலுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலையை அலுமினியச் சட்டத்தில் பொருத்தித் திருகாணியால் இறுக்குங்கள். சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், கம்பி வலையைக் கிரில்லோடு கட்டுக்கம்பியால் நெருக்கமாகக் கட்டலாம். பால்கனிக்குக் கொக்கி அடித்துக் கட்டும் புறா வலை போதும். ஆனால் குட்டி இருக்கும் வீட்டில் அதன் கண் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நைலான் வெயிலில் நைந்துபோகும் என்பதால், ஆண்டுதோறும் கோடை முடிந்ததும் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி இழுத்துப் பாருங்கள்.

"பூனை காலூன்றித்தான் விழும்"

உண்மைதான். விழும்போது உடலைத் திருப்பிக்கொள்ளும் திறன் குட்டிக்கு மூன்று, நான்கு வாரத்தில் தொடங்கி ஆறு, ஏழு வாரத்தில் முழுமை பெறுகிறது. ஆனால் காலூன்றி விழுவதும் அடிபடாமல் விழுவதும் ஒன்றல்ல. வேகத்தைக் கால்கள் தாங்க முடியாதபோது முகவாயும் மார்பும் தரையில் மோதுகின்றன. தாடை முறிவும் நுரையீரல் காயமும் இப்படித்தான் ஏற்படுகின்றன.

நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், உயரத்திலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த பூனைகளில் பத்தில் ஒன்பது பிழைத்தன. பலரும் இதை ஆறுதலாக மேற்கோள் காட்டுகிறார்கள். விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கழுத்துப்பட்டையோடு பால்கனியில் கட்டி வைப்பது

தாவினால் தூக்கில் தொங்கும். ஒருபோதும் வேண்டாம்.

பீரோ, பரண்

பத்து வயதைக் கடந்த பூனைகளுக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம் இருக்கும். ஆயினும் பழகிய உயரத்தை அவை விட்டுக்கொடுப்பதில்லை. தாவும் முன் தயங்குவதைக் கண்டால், ஏறி இறங்க இடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வழுக்கும் பீரோ மேல் சாக்கு விரித்துவிடுங்கள்.

மாடிப்படிக் கைப்பிடி

வலை கட்டுங்கள்.

"நன்றாகத்தான் நடக்கிறது" என்று விட்டுவிடுவது

விழுந்த பூனை எழுந்து நடந்து, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வலியை மறைப்பது அதன் இயல்பு. வாயைத் திறந்து மூச்சு விடுவதும், சிறுநீர் கழிக்காமல் இருப்பதும் உள்காயத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். அவை தெரியும்வரை காத்திராமல், மாடியிலிருந்து விழுந்த பூனையை உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பாலோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு பலகையையோ கெட்டியான அட்டையையோ உடலின் அடியில் நகர்த்தி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஆட்டோவில் போகும்போது பெட்டி மடியில் இருக்கட்டும். பூனையை வெளியே எடுக்க வேண்டாம்.