வெறுங்கண்ணால் செயற்கைக்கோள் பார்க்கச் செட்டிநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோளைப் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை, நீண்ட பயிற்சியும் தேவையில்லை. இருந்தும் ஆசையோடு மொட்டைமாடிக்கு ஏறுபவர்களில் பலர் எதையும் காணாமலே இறங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் நேரத்தைத் தவறாகத் தேர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். நன்றாக இருட்டட்டும் என்று காத்திருந்து, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பத்து மணிக்கு மேல் அண்ணாந்து பார்க்கிறார்கள். விண்மீன்களைப் பார்க்க அது நல்ல நேரம். செயற்கைக்கோள்களுக்கு அநேகமாக வீண் நேரம்.

செயற்கைக்கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் உடலிலும் சூரியத் தகடுகளிலும் பட்டுத் திரும்பும் வெயிலைத்தான் நாம் காண்கிறோம். ஆகவே நாம் நிற்கும் தரை இருண்டிருக்க வேண்டும்; அதே வேளையில் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். காரைக்குடியில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 5.50க்கும் 6.40க்கும் இடையில் மறைகிறது. மறைந்தபின் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து மேலெழுந்து வரும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 20 பாகை இறங்கும்போது, நம் தலைக்கு நேர்மேலே 400 கிலோமீட்டர் உயரம் வரை நிழல் எட்டிவிடும். 10 பாகை அட்சரேகையில் இருக்கும் நம் ஊர்களில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், இதற்கு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரமே ஆகிறது. ஐரோப்பாவின் வடபகுதியில் கோடைக்கால இரவு முழுவதும், மனிதர்கள் தங்கிப் பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்க்க முடிவதற்குக் காரணம், அங்கே அந்தப் பருவத்தில் சூரியன் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதில்லை என்பதே. அங்குள்ளவர்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு கானாடுகாத்தானில் நள்ளிரவில் காத்திருப்பதில் பயனில்லை. சூரியன் மறைந்து அரை மணி கழித்துத் தொடங்கி அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பார்ப்பதே நமக்கு உகந்தது. மேற்கு வானில் மட்டும் இன்னும் சற்று நேரம் பார்க்கலாம்.

விடியற்காலையைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. சூரியன் உதிக்குமுன் அதே அளவு நேரம் நமக்குக் கிடைக்கிறது. மார்கழியில் கோலம் போட இருட்டோடு எழும் ஆச்சிமார்களுக்கும் பெண்களுக்கும் இது தனியே நேரம் ஒதுக்காமலே வாய்க்கும் காட்சி.

நேரத்தைச் சரியாகப் பிடித்தவர்களும் அடுத்ததாக ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். பளிச்சென்று வந்துகொண்டிருந்த புள்ளி, மேகமே இல்லாத கிழக்கு வானில் பாதி வழியில் காணாமற்போகும். விமானம் விளக்கை அணைத்துவிட்டது என்றோ, கண்தான் தவறவிட்டது என்றோ முடிவுகட்டி உடனே தலையைத் திருப்பிவிடக் கூடாது. அது பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் இப்படி நுழையும் சில நொடிகளைக் கவனித்துப் பாருங்கள்: வெண்மை முதலில் மஞ்சளாகும், பிறகு செம்பு நிறமாகி மங்கும், அதன்பின் ஒன்றும் இராது. அந்த நிலையத்தில் இருப்பவர்கள் அப்போது ஒரு சூரிய அஸ்தமனத்தைக் காண்கிறார்கள்; நாம் தரையிலிருந்து காண்பதும் அதைத்தான். இந்த நிறமாற்றத்தைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு என்பது என் கருத்து. விடியற்காலையில் இது தலைகீழாக நடக்கும். மேற்கு வானில் வெறுமையாக இருந்த இடத்திலிருந்து புள்ளி திடீரென்று தோன்றும்.

இடத்தைப் பொறுத்தவரை, வீட்டு வளவில் நின்று பார்ப்பது வசதியாகத் தோன்றினாலும், நான்கு பக்கத் தாழ்வாரக் கூரைகளுக்கு நடுவே ஒரு துண்டு வானமே கிடைக்கும். விண்வெளி நிலையம் அதைச் சில நொடிகளில் கடந்துவிடும். மொட்டைமாடியோ ஊருணிக் கரையோ மேல். கண்மாய்க் கரை அதைவிடச் சிறந்தது. ஆனால் கரையில் பூச்சிபொட்டு இருக்கும் என்பதால், டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி எடுத்துச் செல்ல வேண்டும். கண் இருளுக்கு முழுதாகப் பழக இருபது நிமிடமாவது ஆகும்; ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும்.

மதுரை, திருச்சி ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் நடுவில் நாம் இருப்பதால், விமானத்தைச் செயற்கைக்கோள் என்று எண்ணுவதும் அடிக்கடி நேர்கிறது. சிவப்பு, பச்சை விளக்கோ, விட்டுவிட்டு வெட்டும் வெள்ளை விளக்கோ இருந்தால் அது விமானம். ஆனால் மின்னுவதெல்லாம் விமானம் என்று ஒதுக்குவதும் பிழையே. பணி முடிந்து சுற்றிக்கொண்டிருக்கும் ராக்கெட் பாகங்கள் உருண்டபடியே செல்வதால், சில நொடிகளுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்கும். 1957இல் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைப் பார்த்ததாகச் சொன்ன உலக மக்களில் பெரும்பாலோர் கண்டதும் 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த உருண்டையை அல்ல. அதை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் பெரிய உடலைத்தான். இன்னொரு குழப்பம், அசையாத விண்மீன் அசைவதாகத் தோன்றுவது. இருளில் தனித்த ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் கண் அப்படித்தான் ஏமாற்றும். மேகம் நகர்ந்தாலும் அப்படியே. கைப்பிடிச் சுவரின் விளிம்பையோ கோபுரக் கலசத்தையோ ஒட்டி வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வீட்டுக் கூரையில் உள்ள டிஷ் எந்தச் செயற்கைக்கோளைப் பார்த்து நிற்கிறதோ அதைத் தேடும் பிள்ளைகளும் உண்டு. இன்சாட், ஜிசாட் வகைத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் வெறுங்கண்ணுக்கு எட்டுவதில்லை. மாறாக, பூமியைச் சுற்றிவரும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி நமக்கு நன்றாக எட்டும். அதன் பாதை பூமத்திய ரேகையிலிருந்து 28.5 பாகைக்கு மேல் போகாததால், லண்டனில் இருப்பவர் காண முடியாத அதை நாம் உச்சிவானில் காணலாம். இந்த நல்வாய்ப்பை நம்மவர்கள் அதிகம் அறியவில்லை.

செயலிகளை நம்புவதிலும் கவனம் வேண்டும். நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’, ‘ஹெவன்ஸ் அபவ்’ ஆகியவை நல்லவை; ஆனால் இடத்தைச் சென்னை என்று வைத்துவிட்டுக் காரைக்குடியில் நின்றால் கணக்கு தப்பும். வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் நாளில், சென்னையின் உச்சியைக் கடக்கும் விண்வெளி நிலையம் இங்கே வடகிழக்கில் பாதி உயரத்தில்தான் தெரியும். நேரம் உலகப் பொது நேரத்தில் காட்டப்பட்டால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். செயலி காட்டும் பிரகாச எண் குறையக் குறைய ஒளி கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. மைனஸ் 3 என்பது 3ஐவிடப் பன்மடங்கு பிரகாசம். விண்வெளி நிலையத்தின் சுற்றுப்பாதையை அவ்வப்போது மாற்றி அமைப்பதால், சென்ற வாரம் குறித்துவைத்த நேரத்தை விட்டுவிட்டு அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்வதே சரி.

பழைய கட்டுரைகள் விவரிக்கும் இரிடியம் மின்னல்களை, அதாவது இரிடியம் என்ற தொலைபேசிச் செயற்கைக்கோள்களில் வெயில் பட்டுச் சில நொடிகள் பளிச்சிட்ட ஒளியை, இனித் தேட வேண்டாம். அவற்றைத் தந்த முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்களின் இடத்தில் புதியவை வந்துவிட்டன. 2019 மே மாதம் முதல் ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் ‘ரயில்’ வரிசையும் ஏவிய முதல் சில நாட்களுக்கே ஒட்டினாற்போல் தெரியும். பிறகு ஒவ்வொன்றும் தன் பாதைக்கு விலகி மங்கிவிடுவதால், செய்தி வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ பார்த்துவிட வேண்டும்.